கட்டியவர் யார், அவிழ்ப்பவர் யார்: செயலிப் பிணைப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(நீண்ட பதிவு. கணினி அறிவியல் பயின்றோர் முன்பே அறிந்த செய்திகள் இதில் பல உண்டு. மொழியியல், வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளிலிருந்து வந்து, கணினியைக் கருவியாகக் கொண்டு உழைக்கும் ஆய்வு மாணவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.)

சென்ற பருவத்தில் என் ஆய்வுக்குரிய மூன்று நாட்கள் வீணாயின. உருபனியல் பகுப்பாய்வு நிரல் ஒன்றை, 32 கோர்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டு சர்வர் ஒன்றில், 32 கிளைகளாகப் பிரித்து ஓடவிட்டிருந்தேன். ஓரிரவில் முடிந்திருக்க வேண்டிய வேலை, மூன்றாம் நாள் மாலையிலும் கால் பங்கை எட்டவில்லை. பிழைச் செய்தி எதுவுமில்லை. 32 கிளைகளும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே உழைத்துக்கொண்டிருந்தது. அனைத்தும் ஒரே கோரில் முண்டியடித்துக்கொண்டிருக்க, எஞ்சிய 31 கோர்களும் சும்மா கிடந்தன.

காரணம் பிறகு தெரிந்தது. நிரலின் தொடக்கத்தில் நான் ஏற்றிய ஒரு கணித நூலகம், தாய்ப் பணியை முதல் கோருடன் கட்டிவிட்டிருந்தது. அதிலிருந்து கிளைத்த பிள்ளைகள் அனைத்தும் அந்தக் கட்டினைப் பிறப்பிலேயே பெற்றிருந்தன. ஒரு வரியைச் சேர்த்துக் கட்டை அவிழ்த்தேன்; மறுநாள் விடிவதற்குள் வேலை முடிந்தது.

அந்த ஒரு வரி எனக்குள் எழுப்பிய கேள்விகளே இப்பதிவுக்குக் காரணம். ஒரு பணியை ஒரு செயலியோடு கட்டிவைக்கும் வசதியை இயங்குதளங்கள் ஏன் தருகின்றன? அது எப்போது தேவைப்பட்டது? கட்டும் உரிமை யாருக்கு அளிக்கப்பட்டது? கட்டின் காரணம் மறைந்த பிறகும் கட்டு நீடித்தால் யார் பொறுப்பு?

1. சொல்லைப் பற்றி

முதலில் ஒரு விளக்கம். இன்றைய நாளிதழ்த் தமிழில் 'செயலி' என்பது கைப்பேசியில் நிறுவும் மென்பொருளைக் குறிக்கிறது. அதற்கு முன்பே கணினித் தமிழில் அது கணிப்பொறியின் கணக்கிடும் உறுப்பைக் குறித்தது. இங்கே இரண்டாவது பொருளையே கொள்கிறேன். ஒரே சில்லுக்குள் அமைந்த பல செயலிகளைக் கோர்கள் என்பது வழக்கு.

ஆங்கிலத்தில் இவ்வசதியின் பெயர் 'அஃபினிட்டி'. இதன் இலத்தீன் மூலம் எல்லையை ஒட்டியிருத்தலையும், திருமணத்தால் ஏற்படும் உறவையும் குறித்தது. பிறப்பால் வரும் இரத்த உறவுக்கு எதிர்நிலையில் நிற்பது இது. நம் வழக்கில் கொள்வினை கொடுப்பினை உறவு. மானிடவியல் பயின்றோருக்கு இச்சொல் லூயி துய்மோனை நினைவூட்டும். தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்த அவர், தென்னிந்திய உறவுமுறையில் மணவழி உறவும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு மரபாக இறங்குகிறது என்று 1957-இல் வாதிட்டார். தந்தைக்கு மைத்துனராக இருந்தவரின் மகன் எனக்கும் மைத்துனராகிறான். புதிதாக யாரும் உறவு ஏற்படுத்த வேண்டியதில்லை.

கணினிப் பொறியாளர்கள் துய்மோனைப் படித்து இப்பெயரை இட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் என் மூன்று நாட்களை விழுங்கியது இதே இயல்புதான்: இடையில் ஏற்பட்ட ஓர் உறவு, பிள்ளைகளுக்கு மரபாக இறங்கியது.

2. நினைவகம் தொலைவானபோது

ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளும் ஒரே பொது நினைவகமும் கொண்ட இயந்திரத்தில், எந்தப் பணி எங்கே ஓடினாலும் ஒன்றுதான் என்பதே தொடக்க காலக் கொள்கை. வரிசையில் முன்னால் நிற்கும் பணியை ஓய்வாக இருக்கும் செயலி எடுத்துக்கொள்ளும். இரயில் நிலையத்தில் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் சாளரத்துக்குச் செல்வது போன்ற நேர்மையான முறை இது.

இந்த நேர்மையைக் குலைத்தது கேஷ் நினைவகம். மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இரண்டே பக்கக் கட்டுரையில் அதன் கருத்தை முன்வைத்தார். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 அதை வணிகக் கணினிக்குக் கொண்டுவந்தது. அண்மையில் பயன்படுத்திய தரவின் படியைச் செயலி தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். மெதுவான முதன்மை நினைவகத்துக்கு ஒவ்வொரு முறையும் போய்வர வேண்டியதில்லை.

பல செயலி இயந்திரத்தில் ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கேஷ் வந்தவுடன் புதிய சிக்கல் பிறந்தது. ஒரு பணி செயலி 1-இல் சிறிது நேரம் ஓடுகிறது. அதற்குரிய தரவு அங்குள்ள கேஷில் நிரம்புகிறது. அதன் முறை முடிந்து, அடுத்த முறை செயலி 4-இல் ஓடினால், அங்கே அதற்குரிய எதுவுமில்லை. எல்லாவற்றையும் மீண்டும் வரவழைக்க வேண்டும். நூலகத்தில் மேசை நிறையப் புத்தகங்களை எடுத்து அடுக்கியவரை, தேநீர் அருந்தித் திரும்பும்போது வேறு மேசைக்குப் போகச் சொல்வது போன்ற நிலை. காலி மேசை கிடைப்பது உண்மைதான். ஆனால் புத்தகங்கள் பழைய மேசையில் கிடக்கின்றன.

எனவே ஷெட்யூலர், அதாவது எந்தப் பணி எப்போது எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் இயங்குதளப் பகுதி, இரண்டு நன்மைகளுக்கிடையே நிறுத்தப்பட்டது. பணியைப் பழைய இடத்துக்கே அனுப்பினால் கேஷ் பயன்படும். ஆனால் அந்த இடம் காலியாகும்வரை பணி காத்திருக்க வேண்டும், வேறு செயலிகள் சும்மா இருக்கக்கூடும். காலியான இடத்துக்கு அனுப்பினால் காத்திருப்பு இல்லை. ஆனால் கேஷ் வீணாகும். இந்த இயக்கமுறையின் வரலாறு முழுவதும் இவ்விரு நன்மைகளுக்கிடையிலான வழக்குதான்.

3. ஒரே துறை, இரண்டு விடைகள்

இவ்வழக்கு முதன்முதலில் கூர்மையாக விவாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே மார்க் ஸ்குவிலாண்டேயும் எட்வர்ட் லசோவ்ஸ்காவும் 1980-களின் இறுதியில் தொடங்கி 1993-இல் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு, வரிசைக் கோட்பாட்டு மாதிரிகளைக் கொண்டு, கேஷ் சார்பைக் கணக்கில் கொள்ளும் பங்கீட்டு முறைகள் குறிப்பிடத்தக்க பயனைத் தரக்கூடும் என்று காட்டியது. அதே பல்கலைக்கழகத்தில் ராஜ் வாஸ்வானியும் ஜான் சஹோர்யானும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, சீக்வென்ட் சிம்மெட்ரி என்ற உண்மையான இயந்திரத்தில் அளந்து பார்த்தது. செயலிகளைப் பணிகளுக்கிடையே பங்கிட்டுக் கொடுக்கும் முறையில், கேஷ் சார்பைப் பார்ப்பதாலும் பார்க்காததாலும் வரும் வேறுபாடு மிகச் சிறிது என்பது அவர்களின் முடிவு.

இரண்டும் பொய்யல்ல. சிம்மெட்ரி இன்டெல் 80386 செயலிகளால் ஆனது. அச்செயலியின் வேகத்துக்கும் நினைவகத்தின் வேகத்துக்கும் இடையிலான இடைவெளி பெரிதன்று. எனவே கேஷை மீண்டும் நிரப்பும் செலவு, ஒரு பணி ஓரிடத்தில் தொடர்ந்து ஓடும் காலத்தோடு ஒப்பிடும்போது அற்பமானது. பின்வந்த ஆண்டுகளில் செயலியின் வேகம் நினைவகத்தின் வேகத்தைவிடப் பன்மடங்கு விரைந்து வளர்ந்தது. 1995-இல் வுல்ஃப், மக்கீ இருவரும் இதற்கு 'நினைவகச் சுவர்' என்று பெயரிட்டார்கள். இன்றைய செயலியில் முதன்மை நினைவகத்துக்கு ஒருமுறை போய்வருவது நூற்றுக்கணக்கான கடிகாரச் சுற்றுகளை விழுங்கும்.

வரலாற்று மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வி மாறவில்லை, கேள்விக்குக் கீழேயுள்ள நிலம் மாறியது. 1991-இன் அளவீட்டை அதன் இயந்திரத்திலிருந்து பிரித்தெடுத்து நித்திய உண்மையாக மேற்கோள் காட்டுபவர் தவறு செய்கிறார்; அது தவறான ஆய்வு என்பவரும் தவறு செய்கிறார்.

4. கட்டும் உரிமை பயனருக்கு வந்த கதை

ஷெட்யூலர் எதை முடிவு செய்தாலும், தன் நிரலைப் பற்றித் தனக்கே நன்கு தெரியும் என்று நினைக்கும் நிரலாளர் எப்போதும் உண்டு. அவருக்கான வாயிலும் விரைவிலேயே திறந்தது. சீக்வென்ட் இயந்திரங்களின் டைனிக்ஸ் இயங்குதளத்தில், ஒரு பணி தன்னைத்தானே ஒரு குறிப்பிட்ட செயலியோடு கட்டிக்கொள்ள ஓர் அமைப்பு அழைப்பு இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் இயங்குதளம் வேறு வழியை எடுத்தது: செயலிகளைக் குழுக்களாகப் பிரித்து, பணிகளைக் குழுவுக்கு ஒதுக்கியது. டேவிட் பிளாக் 1990-இல் இதை விளக்கி எழுதினார்.

1993-இல் வந்த விண்டோஸ் என்டி இவ்வுரிமையைப் பரவலாக்கியது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பிட். அந்த பிட் 1 என்றால் பணி அங்கே ஓடலாம். 0 என்றால் கூடாது. பிட்கள் அனைத்தும் சேர்ந்த எண்ணுக்கு 'மாஸ்க்' என்று பெயர். எளிமையான, அழகான தீர்வு. ஆனால் மாஸ்க் ஒரு கணினிச் சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்ற முடிவு அதற்குள் ஒளிந்திருந்தது. 32 பிட் விண்டோஸில் 32 செயலிகளே உச்சம். 64 பிட்டில் 64. அதைத் தாண்டிய இயந்திரங்கள் வந்தபோது, பழைய நிரல்களை உடைக்காமல் இருக்க, 2009-இல் விண்டோஸ் 7-உம் அதன் சர்வர் இணையும் செயலிகளை 64-க்கு மிகாத குழுக்களாகப் பிரித்தன. முகவரிப் படிவத்தில் அச்சிட்ட கட்டங்களின் எண்ணிக்கை ஊர்ப்பெயரின் நீளத்தைத் தீர்மானிப்பது போன்ற நிகழ்வு இது. எழுத்துச் சீர்திருத்த வரலாறு படித்தவர்களுக்குப் புதிதன்று.

இந்தியத் தொடர்பொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் புணேயின் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட பரம் 8000, டிரான்ஸ்பியூட்டர் எனப்படும் செயலிகளால் ஆனது. ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம்; பொது நினைவகம் இல்லை. டிரான்ஸ்பியூட்டருக்கென்றே உருவான ஆக்கம் என்னும் நிரல்மொழியில், எந்தப் பகுதி எத்தனையாம் செயலியில் அமர வேண்டும் என்று நிரலிலேயே எழுதும் தொடர் உண்டு. அவ்வுலகில் இடம் குறிப்பது சிறப்புச் சலுகையன்று. வாக்கியத்தின் கட்டாய உறுப்பு. பொது நினைவக இயந்திரங்களில்தான் இடம் என்பது சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆகும் வேற்றுமையாக ஆயிற்று.

5. லினக்ஸ்: சலுகையிலிருந்து கட்டமைப்புக்கு

2001 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4-இல் ஓடக் காத்திருக்கும் பணிகள் அனைத்துக்கும் ஒரே வரிசை. ஒரு செயலி ஓய்வானதும், வரிசை முழுவதையும் பார்த்து, ஒவ்வொரு பணிக்கும் மதிப்பெண் போடும். எஞ்சிய காலத்துணுக்குக்கு மதிப்பெண் உண்டு, முன்னுரிமைக்கு உண்டு, இதற்குமுன் இதே செயலியில் ஓடியிருந்தால் இன்டெல் இயந்திரங்களில் கூடுதலாக 15. இந்தப் பதினைந்துதான் அன்றைய லினக்ஸின் 'உறவு'. ஆனால் காலத்துணுக்கு தீர்ந்த பணிக்கு மதிப்பெண் சுழியம். உறவுச் சலுகை அங்கே கணக்கிலேயே வராது. பணிகள் பந்து போல் செயலிக்குச் செயலி தாவின.

2002 சனவரியில் ஹங்கேரியரான இங்கோ மோல்னார் புதிய ஷெட்யூலரை முன்வைத்தார். ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை. ஒரு வரிசையில் சேர்ந்த பணி இயல்பாகவே அங்கேயே மீண்டும் ஓடும். வரிசைகளின் நீளம் மிக வேறுபட்டால் மட்டுமே சமன்படுத்தும் பகுதி தலையிட்டுச் சில பணிகளை நகர்த்தும். முன்பு மதிப்பெண்ணாக இருந்த உறவு இப்போது கட்டமைப்பாகிவிட்டது. பெயர்வதற்குத்தான் காரணம் வேண்டும். இருப்பதற்குக் காரணம் வேண்டாம். இதை இயல்பு நாட்டம் எனலாம்.

இதோடு நில்லாமல், பயனரே விதிக்கும் கட்டுப்பிணைப்பும் வந்தது. அதற்கான வாயில் கோப்பு வடிவில் இருக்க வேண்டுமா, அமைப்பு அழைப்பாக இருக்க வேண்டுமா என்பதில் ராபர்ட் லவ்வும் மோல்னாரும் 2001-இன் இறுதியில் வெவ்வேறு வழிகளை முன்வைத்தனர். முடிவில் அமைப்பு அழைப்பே வென்றது, 2.5.8 பதிப்பில் சேர்ந்தது. கட்டளை வரியிலிருந்து அதைப் பயன்படுத்த லவ் எழுதிய கருவிதான் இன்றும் நாம் பயன்படுத்தும் 'டாஸ்க்செட்'.

இங்கே ஒரு சிறு நிகழ்வு. அந்த அழைப்பை நிரலாளர்க்கு எடுத்துத் தரும் ஜிலிப்சி நூலகத்தின் 2.3 பதிப்பில், மாஸ்கின் நீளத்தைச் சொல்லும் உறுப்பு இருந்தது. 2.3.3-இல் அதை நீக்கினார்கள். 2.3.4-இல் வேறு தரவு வகையோடு மீண்டும் சேர்த்தார்கள். எத்தனை செயலிகள் இருக்கும் என்று நிரலாளர் சொல்ல வேண்டுமா, அமைப்பே அறிந்துகொள்ள வேண்டுமா என்ற தயக்கம், ஓர் உறுப்பின் வரவு செலவில் பதிவாகியிருக்கிறது. மூன்று கல்வெட்டுகளில் ஒரே சொல் மூன்று வடிவில் வருவதைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு.

6. பயனருக்கு மேலும் ஒருவர்

2004-இல் நாசா நிறுவிய கொலம்பியா கணினி, 512 செயலிகள் கொண்ட 20 எஸ்ஜிஐ இயந்திரங்களால் ஆனது. இத்தகைய இயந்திரத்தில் பலர் பணிபுரியும்போது ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பணியைக் கட்டினால் பிறர் பங்கு பறிபோகும். எஸ்ஜிஐ, புல் ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் உருவாக்கிய 'சிபியுசெட்' 2005-இல் லினக்ஸ் 2.6.12-இல் சேர்ந்தது. நிர்வாகி ஒரு வேலி போடுவார். அதற்குள் பயனர் எங்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். வேலிக்கு வெளியே உள்ள செயலிகளையும் சேர்த்துக் கேட்டால், கெர்னல் அவற்றை ஓசையின்றி விலக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் தரும். இன்றைய கன்டெய்னர்களுக்கு நாம் ஒதுக்கும் கோர்கள் இந்த வேலியின் வழிவந்தவையே.

உறவு முறியும் தருணமும் உண்டு. பணி கட்டப்பட்டுள்ள செயலியை நிர்வாகி இயக்கத்திலிருந்து நீக்கிவிட்டால், கெர்னல் கட்டை மீறி அப்பணியை வேறிடம் சேர்க்கும். இன்ன பணிக்கு இன்ன செயலியோடு இனி உறவில்லை என்ற பொருளில் ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவைக்கும். கட்டியவரின் ஆணையைவிடப் பணியின் உயிர் பெரிது என்ற முடிவு அது.

ஆப்பிள் நேர் எதிர்த்திசையில் சென்றது. 2007-இன் மேக் ஓஎஸ் டென் 10.5, இழைகளுக்குப் பொதுவான அடையாளக் குறியிட அனுமதித்தது. ஒரே குறியுள்ள இழைகள் கேஷைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றன என்பதே செய்தி. எந்தக் கோர் என்று பெயர் சொல்ல வழியில்லை; அது குறிப்பு மட்டுமே, ஆணையன்று. இலக்கணத்தில் சொன்னால், லினக்ஸும் விண்டோஸும் பயனருக்கு ஏவல் வினையைக் கொடுத்தன. ஆப்பிள் வியங்கோளோடு நிறுத்திக்கொண்டது.

7. கட்டியவரே ஏமாந்த கதை

2001-இல் லினஸ் டார்வால்ட்ஸ், ஷெட்யூலர் போல முதுமையிலும் நன்றாக இருப்பவை அதிகமில்லை, இது எளிய வேலை என்பதற்கு இன்னொரு சான்று என்ற பொருள்பட எழுதினார். 15 ஆண்டுகள் கழித்து, 2016-இல், லோசி, லெப்பர்ஸ், ஃபெடரோவா முதலிய அறுவர் வெளியிட்ட 'வீணாக்கிய கோர்களின் பத்தாண்டு' என்ற பொருளில் அமைந்த கட்டுரை இவ்வரியை எடுத்துக்காட்டிவிட்டு, லினக்ஸ் ஷெட்யூலரின் நான்கு பிழைகளை விளக்கியது. பணிகள் காத்திருக்கும்போதே கோர்கள் நீண்ட நேரம் சும்மா இருந்தன என்பதுதான் நான்குக்கும் பொது.

அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு நேர் உரியது. அவர்களின் இயந்திரத்தில் 64 கோர்கள், எட்டு நினைவகக் கணுக்கள். ஒன்றுக்கொன்று நேரடி இணைப்பில்லாத இரு கணுக்களில் ஓடுமாறு ஒரு நிரலை டாஸ்க்செட் மூலம் கட்டினால், இழைகள் அனைத்தும் ஒரே கணுவில் தங்கிவிட்டன. மற்றொரு கணு முழுவதும் காலி. சமன்படுத்தும் பகுதி கோர்களைக் குழுவாக்கியபோது அவ்விரு கணுக்களையும் எல்லாக் குழுக்களிலும் சேர்த்துவிட்டது; எனவே குழுச் சராசரிகள் சமமாகத் தெரிந்தன; நகர்த்தக் காரணமில்லை என்று அது முடிவு செய்தது. இழைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்துச் சுழலும் ஒரு சோதனை நிரல் இதனால் 27 மடங்கு மெதுவானது.

பயனர் வெளிப்படையாக இரு கணுக்களைக் கேட்டார். கெர்னல் அனுமதியும் கொடுத்தது. ஆனால் அனுமதி வேறு, பங்கீடு வேறு. பிழைச் செய்தி இல்லை. நிரல் சரியான விடையையே தந்தது. தாமதம் மட்டுமே அடையாளம். தாமதத்தை யாரும் பிழையாகப் பதிவதில்லை. அதனாலேயே அது ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது.

8. நமக்கு இதனால் என்ன

இன்று கோர்கள் அனைத்தும் சமமும் அல்ல. கைப்பேசிகளில் 2013 முதற்கொண்டும், இன்டெல் மேசைக்கணினிகளில் 2021 முதற்கொண்டும், ஒரே சில்லில் பெரிய கோர்களும் சிறிய கோர்களும் கலந்துள்ளன. எண் 3 என்ற கோரோடு கட்டிய பழைய நிரல், புதிய இயந்திரத்தில் எந்த வகைக் கோரில் விழும் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கட்டுப்பிணைப்பு என்பது ஒருவர் ஓர் இயந்திரத்தைப் பற்றி ஒரு நாளில் பெற்றிருந்த அறிவின் உறைந்த வடிவம். அறிவு உரியவரோடு போய்விடும். உறைந்த வடிவம் நிரலில் தங்கும். என் கணித நூலகத்தில் அந்தக் கட்டைப் போட்டவருக்கும் நல்ல காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் என் சர்வரில் இல்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: இணைநிரல் எதையும் நீண்ட நேரம் ஓடவிடுமுன், பணியின் மாஸ்க் என்னவென்று டாஸ்க்செட்டில் ஒருமுறை பாருங்கள். அரை நிமிடம் போதும்.

இரண்டு: உங்கள் முறை மற்றவற்றைவிட வேகமானது என்று கட்டுரையில் எழுதும்போது, எத்தனை கோர்கள், எவற்றோடு கட்டினீர்கள், அல்லது கட்டவே இல்லையா என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். நம் துறைக் கட்டுரைகளில் செயலியின் பெயர் இருக்கிறது, நினைவக அளவு இருக்கிறது. இது மட்டும் பெரும்பாலும் இல்லை. 27 மடங்கு வேறுபாடு இந்த ஒரு வரியில் ஒளிந்திருக்கக்கூடும் என்றால், அதைச் சொல்லாத ஒப்பீட்டை எவ்வாறு நம்புவது?

மூன்று: நீங்கள் ஒரு பணியைக் கட்டினால், ஏன் கட்டினீர்கள், எந்த இயந்திரத்தில் அளந்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதை அவிழ்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். காரணம் எழுதப்படாத கட்டை அவிழ்க்க எவருக்கும் துணிவு வராது.

என் நிரலில் நான் சேர்த்த அந்த ஒரு வரிக்கு மேல் இப்போது நான்கு வரிக் குறிப்பு இருக்கிறது. நாளும், இயந்திரமும், காரணமும் அதில் உண்டு.

(பிழைகள் கண்டால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.)